அரிது என்பது பதில் அல்ல

1

‘பள்ளியில் மயங்கி விழுந்த மாணவன் உயிரிழப்பு.’ இந்தச் செய்தியை நீங்கள் எத்தனை முறை படித்திருப்பீர்கள்? ஊரும் வயதும் மட்டும் மாறும். காலையில் நன்றாகத்தான் கிளம்பிப் போனான். தலை வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறான். வாந்தி எடுத்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் போய்விட்டது. கடைசி வரி மட்டும் மாறுவதே இல்லை: போலீசார் வழக்குப் பதிந்து, உடலைப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பி, விசாரித்து வருகின்றனர்.

அந்த விசாரணையின் முடிவு என்ன என்று அடுத்த மாதம் ஒரு செய்தி வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் தீர்ப்பு அன்று சாயங்காலமே வந்துவிடும். தடுப்பூசிதான் காரணம் என்பார் ஒருவர். பரோட்டா என்பார் இன்னொருவர். ராத்திரியெல்லாம் மொபைல் பார்த்ததால் மூளை சூடாகிவிட்டது என்று குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு சித்தப்பா குரல் பதிவு போடுவார். துக்க வீட்டில் வயதானவர்கள் இன்னும் சுருக்கமாக முடித்துவிடுவார்கள்: “அவன் ஆயுசு அவ்வளவுதான்.”

நன்றாக இருந்த ஒரு குழந்தை திடீரென்று இறப்பதற்கு மருத்துவம் பல காரணங்களைச் சொல்கிறது. இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் பிறவிக் கோளாறு, இதயத் தசை தடித்துப்போதல், வலிப்பு, மூளையில் ரத்தக் குழாய் வெடிப்பு. அந்தப் பட்டியலின் அடியில், மிக அரிதான ஒன்றாக, ஒரு நீர்க்கட்டியும் இருக்கிறது. புற்றுநோய் அல்ல. பரவாது. பட்டாணி அளவுதான் இருக்கும். மருத்துவப் புத்தகத்தில் ‘தீங்கற்றது’ என்று வகைப்படுத்தியிருப்பார்கள். அது ஒரு குழந்தையை ஒரே நாளில் கொல்லக்கூடியது.

பட்டியலின் அடியில் இருப்பதைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. இந்தச் சின்னக் கட்டியைச் சுற்றி நாம் சொல்லும் மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. “சாதாக் கட்டிதான்.” “இதெல்லாம் ரொம்ப அரிது.” “யாரால என்ன பண்ணியிருக்க முடியும்?” மூன்றும் கேட்க ஆறுதலாக இருக்கின்றன. மூன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை நாம் யாரும் விசாரிப்பதே இல்லை. இந்தக் கட்டுரை அந்த மீதிப் பாதியோடுதான் சண்டை போடுகிறது.

2

முதலில் அந்தக் கட்டி என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். கதை முழுக்கக் குழாய் வேலைதான். பிளம்பர் யாருக்கும் புரியும்.

மூளைக்குள் ஒன்றோடொன்று இணைந்த நான்கு அறைகள் இருக்கின்றன. வென்ட்ரிக்கிள் என்பார்கள். அவற்றுக்குள் தெளிந்த நீர் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளில் சுமார் 500 மில்லி சுரக்கிறது. ஆனால் எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது சுமார் 150 மில்லிதான். அப்படியென்றால் ஒரே நாளில் மூன்று, நான்கு தடவை பழைய நீர் வடிந்து புது நீர் வர வேண்டும். இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய குறை உண்டு. வடிகால் அடைத்துக்கொண்டால் ‘போதும், நிறுத்து’ என்று சுரப்புக்குச் சொல்ல ஆள் இல்லை. அது பாட்டுக்குச் சுரந்துகொண்டே இருக்கும்.

இடது, வலது என இரண்டு பெரிய அறைகளிலிருந்தும் நீர் இரண்டு குறுகிய துளைகள் வழியாக நடுவிலிருக்கும் மூன்றாவது அறைக்குள் இறங்குகிறது. அந்தத் துளைகளுக்கு எடின்பரோ உடற்கூறியல் பேராசிரியர் அலெக்சாண்டர் மன்றோவின் பெயர். இரண்டு துளைகளும் மூன்றாவது அறையின் முன்பக்கக் கூரையை ஒட்டிச் சந்திக்கின்றன. கொலாய்டு சிஸ்ட் எனப்படும் கட்டி தொங்குவது மிகச் சரியாக அந்தச் சந்திப்பில்தான். மெல்லிய பை, உள்ளே ஜெல்லி மாதிரி கெட்டியான திரவம். பக்கத்துத் திசுவை அரிக்காது, வேறு உறுப்புக்குப் போகாது. பெரும்பாலும் 20 வயதிலிருந்து 50 வயதுக்குள் தெரியவரும், பலருக்குத் தெரியாமலேயே இருந்துவிடும். குழந்தைகளிடம் அபூர்வம். ஆனால் குழந்தைகளிடம் வரும்போது நிலைமை சட்டென்று மோசமாகலாம் என்று நரம்பியல் அறுவை மருத்துவர்கள் நெடுங்காலமாக எழுதி வருகிறார்கள்.

கட்டி துளைகளை அடைத்தால் மேலே இரண்டு அறைகளும் வீங்கத் தொடங்கும். வீங்க இடம் வேண்டுமே? கைக்குழந்தைக்கு உச்சிக்குழி திறந்திருக்கிறது, மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒட்டவில்லை. அதனால் தலை பெரிதாகும், உச்சி புடைக்கும், எண்ணெய் தேய்க்கும் பாட்டியின் விரலுக்கே அது தெரிந்துவிடும். ஏறத்தாழ ஒன்றரை வயதில் உச்சி மூடிவிடுகிறது. பிறகு மண்டையோடு பூட்டிய பெட்டி. உள்ளே மூளை, ரத்தம், நீர் என்று மூன்றுதான். ஒன்று கூடினால் இன்னொன்று குறைந்தே ஆக வேண்டும். இதை முதலில் சொன்னவரும் அதே மன்றோதான், 1783-இல். அவருடைய மாணவர் ஜார்ஜ் கெல்லி 1824-இல் அதை உறுதிப்படுத்தினார். நீர் கூடிக்கொண்டே போனால் கடைசியில் மூளை கீழ்நோக்கித் தள்ளப்படும். கழுத்துக்கு மேலே, மூச்சையும் துடிப்பையும் நடத்தும் மூளைத்தண்டு நசுங்கும். பிறகு மூச்சு நின்றுவிடும்.

சில சாவுகள் இதைவிடவும் வேகமாக நடக்கின்றன. மூன்றாவது அறையின் சுவரிலேயே ஹைபோதாலமஸ் இருக்கிறது. அது திடீரென்று அழுத்தப்பட்டு இதயத் துடிப்பைக் கலைத்துவிடுகிறது என்று தடயவியல் மருத்துவர்கள் ஒரு விளக்கம் தருகிறார்கள். எப்படியானாலும், தலைவலி தொடங்கிச் சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடலாம்.

3

இப்போது முதல் வாக்கியம்: “சாதாக் கட்டிதான்.”

பெனைன் என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு அன்பான, இரக்கமுள்ள என்று பொருள். நோய்க்குறியியல் மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லும் சொல் அது. இந்தச் செல்கள் பக்கத்து வீட்டுக்குள் புகுவதில்லை, ரத்தத்தில் ஏறிப் பயணம் போவதில்லை என்பது மட்டுமே அதன் அர்த்தம். அந்த அளவில் சரிதான். ஆனால் அந்தச் சொல் ஆய்வகத்தை விட்டு இறங்கி, ஓ.பி. அறைக்கு வந்து, அங்கிருந்து வீட்டுக்கு வரும்போது “பயப்பட ஒண்ணுமில்ல” என்று மொழிபெயர்ந்துவிடுகிறது. செல்லின் குணத்தைப் பற்றிச் சொன்னது குழந்தையின் கதியைப் பற்றிய வாக்குறுதியாகிவிடுகிறது.

என் தொழிலில் ஒரு பிழையின் தீவிரத்தை அது எத்தனை வரி என்று வைத்து யாரும் அளப்பதில்லை. உதவிப் பக்கத்தில் ஐம்பது எழுத்துப் பிழை இருந்தாலும் யாரும் ராத்திரி எழுந்திருக்க மாட்டார்கள். பணம் போகும் பாதையில் ஒரு புள்ளி இடம் மாறினால் மூன்று மணிக்கு போன் அடிக்கும். எங்கே உட்கார்ந்திருக்கிறது, எதை மறிக்கிறது என்பதுதான் கேள்வி. பதினைந்து ஆயிரம் சம்பளத்தில் வேலைக்குச் சேரும் பையனுக்குக்கூட முதல் வாரத்தில் நாங்கள் சொல்லிக்கொடுக்கும் இந்த விஷயத்தை, மூளைக்குள் இருக்கும் ஒன்றைப் பற்றிப் பேசும்போது மட்டும் மறந்துவிடுகிறோம்.

இதே தவறு எதிர்ப் பக்கமும் நடக்கிறது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்த குழந்தையின் ரிப்போர்ட்டில் ‘அரக்னாய்டு சிஸ்ட்’ என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்துவிட்டு வீடே மூன்று நாள் சாப்பிடாமல் கிடக்கும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் 18 வயதுக்கு உட்பட்ட 11,738 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களை ஆராய்ந்தபோது 309 பேருக்கு, அதாவது 2.6 சதவீதம் பேருக்கு, அந்த வகை நீர்க்கட்டி இருந்தது. பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. பீனியல் சுரப்பியில் வரும் நீர்க்கட்டியும் அப்படித்தான். இருந்தபடியே எண்பது வயது வரை வாழலாம். நம் நாட்டிலோ ‘மூளையில் கட்டி’ என்று சொல்லப்படுவதில் நிறைய, நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போனதால் வரும் புழுக்கட்டி. குழந்தைகளுக்கு அது பெரும்பாலும் வலிப்பாக வெளிப்படும், மாத்திரையில் சரியாகும். ஆனால் அதே புழுக்கட்டி மூளை அறைக்குள் மிதந்து வழியை மறித்தால், தலையைத் திருப்பியதும் கொடுமையான தலைவலி, வாந்தி, தலைசுற்றல், சில சமயம் திடீர்ச் சாவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே புரூன்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை விவரித்துவிட்டார்.

ஆக, ‘சாதாக் கட்டி’ என்ற பெயரில் நிம்மதியும் இல்லை, ‘மூளைக் கட்டி’ என்ற பெயரில் பீதியும் தேவையில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிது? நீர் தடையில்லாமல் ஓடுகிறதா? கொலாய்டு சிஸ்ட் விஷயத்தில் 7 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் என்றால் அபாயம் கூடுகிறது என்று மருத்துவர்கள் மதிப்பெண் அட்டவணையே வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் தெளிவு இருக்கிறது. நம்மிடம் வந்து சேரும் ஒற்றைச் சொல்லில்தான் அது இல்லை.

4

இரண்டாவது வாக்கியத்துக்குப் போகும் முன் மூன்றாவதைப் பார்த்துவிடலாம். ஏனென்றால் அதுதான் அதிகம் வலிப்பது: “யாரால என்ன பண்ணியிருக்க முடியும்?”

இந்தக் கட்டியை 1858-இல் வால்மன் என்பவர் முதன்முதலில் விவரித்தார். 1921-இல் வால்டர் டான்டி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் ஒரு நோயாளியின் மூளையிலிருந்து அதை வெற்றிகரமாக வெளியே எடுத்தார். அப்போது ஸ்கேன் கிடையாது. மூளை அறைகளுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையை அவரே மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் உருவாக்கியிருந்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத பொறியாளரான காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு செய்த சி.டி. ஸ்கேன் 1971-இல் லண்டனில் முதல் நோயாளியைப் படம்பிடித்தபோது, அதில் தெரிந்ததே நீர்ப்பை போன்ற ஒரு மூளைக்கட்டிதான். வேலூரில் 1949-இல் ஜேக்கப் சாண்டியும் சென்னையில் 1950-இல் ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவைப் பிரிவுகளைத் தொடங்கிவிட்டார்கள். இன்று மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு எண்டோஸ்கோப் மூலமாகவே இந்தக் கட்டியை எடுக்க முடிகிறது. அவசரம் என்றால் முதலில் ஒரு மெல்லிய குழாயை அறைக்குள் விட்டு நீரை வெளியே வடியவிட்டால் போதும், உயிர் நிற்கும். கட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நூறு வருஷமாகச் செய்ய முடிகிற காரியம் இது. குழந்தை அந்த மேசை வரை வந்து சேர்வதில்லை, அதுதான் பிரச்சினை. வழியில் அதை மறிப்பது நம் அவநம்பிக்கை.

“டீச்சர், தலை வலிக்குது.”

“ஹோம்வொர்க் முடிச்சிட்டியா?”

இந்த உரையாடலைக் கேட்காத வகுப்பறை தமிழ்நாட்டில் இருக்காது. தலைவலியும் வயிற்றுவலியும் நம் வீடுகளில் நோய்கள் அல்ல, சாக்குகள். “அது எப்பிடிடா பரீட்சை அன்னைக்கு மட்டும் வலிக்குது?” “கண்ணாடியப் போடு, சரியாப் போயிடும்.” “டேப்லட் குடுத்துப் படுக்க வை.” நான் பார்த்த ஒரு பள்ளியில் தலைவலி என்று வரும் பிள்ளையை அரை மணி நேரம் ஓய்வறையில் படுக்க வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். எத்தனை நாளாக, எந்த நேரத்தில் என்று எழுதிவைக்க ஒரு நோட்டுகூட அங்கே இல்லை. ஃபீஸ் பாக்கிக்கு மட்டும் தனி சாஃப்ட்வேர் இருந்தது.

கொலாய்டு சிஸ்ட்டின் தலைவலி எப்படி வரும்? விட்டுவிட்டு வரும். சட்டென்று ஏறும், தாங்க முடியாமல் அழ வைக்கும், பிறகு சட்டென்று இறங்கிவிடும். கட்டி தொங்கும் இடத்தில் கொஞ்சம் அசைந்து துளையை அடைப்பதும் விலகுவதுமாக, வால்வுக்குள் இருக்கும் பந்து மாதிரி வேலை செய்கிறது என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் விளக்கம். படுத்தால், குனிந்தால் கூடலாம். எழுந்து உட்கார்ந்தால் விட்டுவிடலாம். இப்போது அந்தக் காட்சியை யோசித்துப் பாருங்கள். பள்ளியிலிருந்து போன் வருகிறது. அம்மா ஆபீசில் பர்மிஷன் போட்டு ஆட்டோ பிடித்து ஓடிவருகிறார். வந்து பார்த்தால் பிள்ளை ஓய்வறை வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறான். “பாருங்கம்மா, இவ்வளவு நேரம் அழுதான். நீங்க வந்ததும் நல்லாயிட்டான்.”

பொய் சொன்னதற்கு ஆதாரமாக எது எடுத்துக்கொள்ளப்படுகிறதோ, அதுதான் நோயின் அறிகுறி. அடுத்த முறை அவன் அழும்போது நம்ப ஆள் குறைந்திருக்கும். அதற்கும் அடுத்த முறை அவனே சொல்லாமல் இருந்துவிடுவான்.

குழந்தைகளின் தலைவலியில் மிகப் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. மைக்ரேன், சளி, தூக்கமின்மை, பசி, பரீட்சை பயம். ஒவ்வொரு தலைவலிக்கும் நடுங்கச் சொல்லவில்லை. ஆனால் வேறுபடுத்திப் பார்க்கச் சில அடையாளங்கள் இருக்கின்றன, அவற்றை அறிய மருத்துவப் பட்டம் தேவையில்லை. தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி. விடியற்காலையில் வலியோடு வாந்தி, வாந்தி எடுத்ததும் கொஞ்சம் தேவலை. காய்ச்சலோ பேதியோ இல்லாமல் வாரக்கணக்கில் வரும் வாந்தி. குனிந்தால், இருமினால், படுத்தால் கூடும் வலி. நாளுக்கு நாள் ஏறும் வலி. புதிதாக மாறுகண், இரண்டாகத் தெரிவது. நடை தள்ளாடுவது. நினைவு தப்பாமலேயே கால் மடங்கி விழுவது. நன்றாகப் படித்த பிள்ளை மந்தமாவது, எந்நேரமும் தூங்கி வழிவது. இவற்றில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தாலே டாக்டரிடம் போய் விளக்கமாகச் சொல்ல வேண்டும். தலைவலியும் வாந்தியுமாக இருந்த குழந்தை மயக்கமாகி எழுப்பினாலும் கண் திறக்காமல் சொருகினால், நாளை காலைக்குத் தள்ளிப்போடக் கூடாது. ஸ்கேன் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றே, அப்போதே போக வேண்டும்.

“ஞாயித்துக்கிழமையும் வலிக்குதாடா?” என்று நாம் கிண்டலாகக் கேட்கும் கேள்வியை ஒரே ஒரு முறை நிஜமாகக் கேட்டுப் பாருங்கள். அது நல்ல கேள்வி. பதில் ‘ஆமாம்’ என்றால் அங்கே சாக்கு ஒன்றும் இல்லை.

டாக்டர்களிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் ஆப்தால்மோஸ்கோப்பை உலகுக்குக் கொடுத்தார். கையில் பிடிக்கும் ஒரு விளக்கு, ஒரு லென்ஸ். கண்ணின் பின்சுவரில் பார்வை நரம்பு வீங்கியிருக்கிறதா என்று அதில் தெரியும். நாள்பட்டு மண்டைக்குள் அழுத்தம் கூடியிருந்தால் பெரும்பாலும் அங்கே காட்டிக்கொடுக்கும். இரண்டு நிமிஷ வேலை. திடீரென்று ஏறிய அழுத்தத்தில் அது தெரியாமலும் போகலாம், உண்மைதான். ஆனாலும் மூன்றாவது முறையாகத் தலைவலி என்று வரும் குழந்தையின் கண்ணுக்குள் பார்க்காமல் சிரப் எழுதிக் கொடுப்பதை எப்படி நியாயப்படுத்துவது? ஒரு சாயங்காலத்தில் எண்பது டோக்கன் பார்ப்பவருக்கு இரண்டு நிமிஷம் பெரிய செலவு என்று எனக்கும் தெரியும். குழந்தை அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது.

கேட்பதால் மட்டுமே நிலைமை மாறுமா? மாறியிருக்கிறது. பிரிட்டனில் 2011-இல் ‘ஹெட்ஸ்மார்ட்’ என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. குழந்தைகளின் மூளைக்கட்டிக்கான அறிகுறிகளை வயதுவாரியாக அச்சிட்ட சிறிய அட்டைகள் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் போயின. அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய் கண்டுபிடிக்கும் வரை ஆன காலத்தின் நடுமதிப்பு முன்பு 14 வாரங்களைத் தாண்டி இருந்தது. 2013 வாக்கில் அது 7 வாரங்களுக்கும் கீழே இறங்கியது. அந்த அட்டை எல்லா வகை மூளைக்கட்டிக்கும் பொதுவானது. அழுத்தம் கூடும்போது குழந்தை காட்டும் அறிகுறிகள், கட்டி எந்த வகையானாலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

5

“அப்ப எல்லாப் பிள்ளைக்கும் ஸ்கேன் எடுத்துட வேண்டியதுதானே?”

வேண்டாம். இந்தக் கேள்வியைக் காசாக்கக் காத்திருப்பவர்கள் ஏற்கெனவே ‘முழு உடல் பரிசோதனை பேக்கேஜ்’ விற்கிறார்கள். குழந்தைகள் பேக்கேஜ் வருவதற்கு ஒரு பயமுறுத்தும் வீடியோ போதும்.

2012-இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு ஒன்று, பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் தலையில் எடுக்கும் ஒவ்வொரு 10,000 சி.டி. ஸ்கேனுக்கும், அடுத்த பத்து ஆண்டுகளில் கூடுதலாக ஒரு ரத்தப் புற்றுநோயும் ஒரு மூளைக் கட்டியும் வரலாம் என்று கணக்கிட்டது. தேவையுள்ள குழந்தைக்கு இது அஞ்ச வேண்டிய அளவே அல்ல. ஒரு ஸ்கேன் உயிரைக் காப்பாற்றும். ஆனால் அறிகுறி எதுவும் இல்லாத லட்சம் குழந்தைகளை வரிசையில் நிறுத்தினால், தேடிப் போன நோயை விடத் தந்த நோய் அதிகமாகிவிடும். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் மேலே சொன்ன அந்த 2.6 சதவீதம் நினைவிருக்கிறதா? ஆயிரம் குழந்தைகளைப் படம்பிடித்தால் இருபத்தாறு வீடுகளில் ஒன்றுமில்லாத ஒன்றுக்காகத் தூக்கம் போகும்.

ஆகவே நான் கேட்பது மெஷின் அல்ல, காது. யாருக்கு மெஷின் தேவை என்று பிரித்துச் சொல்லும் காது.

இன்னொரு எதிர்வாதமும் நியாயமானது. முன்னறிவிப்பே இல்லாமல் இறக்கும் குழந்தைகளும் உண்டு. முதல் தலைவலி அன்றே கடைசித் தலைவலியாகவும் இருந்துவிடுகிறது. அந்த வீடுகளில் “யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது” என்பது முழு உண்மை. அதைச் சொல்லி அந்தப் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் எந்த வீட்டில் அது முழு உண்மை, எந்த வீட்டில் பாதி உண்மை என்று தெரியவேண்டுமே? அது தெரியாமலே எல்லா வீட்டுக்கும் ஒரே வாக்கியத்தை நாம் கொடுத்துவிட்டு வருகிறோம். இங்கேதான் இரண்டாவது வாக்கியம் வருகிறது.

6

“இதெல்லாம் ரொம்ப அரிது.”

ஆமாம், அரிது. மேலை நாட்டுக் கணக்குகளில் கொலாய்டு சிஸ்ட் பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்று பேரிடம் கண்டுபிடிக்கப்படுகிறது. குழந்தைகள் அதில் சிறு பங்கு. அதில் திடீரென்று இறப்பவர்கள் இன்னும் சிறு பங்கு. ஆனால் இந்த எண் எங்கிருந்து வந்தது? தேவைப்பட்டவருக்கு ஸ்கேன் எடுக்கும், திடீரென்று இறந்தவரைப் பரிசோதிக்கும், முடிவை எழுதிவைக்கும் நாடுகளிலிருந்து வந்தது. நாம் அந்த எண்ணைக் கடன் வாங்கி நம் அறியாமைக்குச் சான்றிதழாக மாட்டிவைத்திருக்கிறோம்.

2020-இல் இந்தியாவில் பதிவான மரணங்களில் 22.5 சதவீதத்துக்கு மட்டுமே மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்திருந்தார். ஐந்தில் ஒன்றைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மற்றவர்கள் எதனால் இறந்தார்கள் என்பதற்கு மருத்துவர் எழுதிய ஒரு வரிகூட இல்லை. லாக் எழுதாத சிஸ்டத்தில் எர்ரர் எண்ணிக்கை எப்போதும் பூஜ்யமாகத்தான் காட்டும். அதைக் காட்டி “எங்க சிஸ்டத்துல பிரச்சினையே இல்ல” என்று ஒருவர் சொன்னால் மீட்டிங்கில் சிரித்துவிடுவோம். குழந்தைகள் சாவில் மட்டும் தலையாட்டுகிறோம்.

பிரேதப் பரிசோதனை நடக்கும் இடங்களிலாவது விடை கிடைக்கிறதா? நம் பிரேதப் பரிசோதனை அடிப்படையில் போலீஸின் கேள்விக்கான பதில். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தின் 194-ஆவது பிரிவு. கொலையா, தற்கொலையா, விபத்தா, சந்தேகம் உண்டா? ‘உள்ளுறுப்புகள் ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டுள்ளன’ என்று செய்தியில் வருவது விஷத்தைத் தேடுவதற்கு. விஷம் இல்லை என்று வந்ததும் கோப்பு மூடப்படும். யாரும் கொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது. எதனால் செத்தான் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மூன்றாவது அறையின் கூரையில் தொங்கும் சில மில்லிமீட்டர்ப் பையைக் காண வேண்டுமானால், மூளையை முழுதாக எடுத்து, முடிந்தால் ஃபார்மலினில் சில நாள் இறுகவிட்டு, அடுக்கடுக்காக வெட்டிப் பார்க்க வேண்டும். பிணவறை வாசலில் ஆம்புலன்ஸ் காத்திருக்க, கவுன்சிலர் போன் மேல் போன் போட, சாயங்காலத்துக்குள் உடலைக் கொடுத்தாக வேண்டிய இடத்தில் இதற்கு எங்கே நேரம்?

வீட்டில் நடந்து, யாருக்கும் சந்தேகம் எழாத சாவு என்றால் அந்தப் பரிசோதனையும் இல்லை. “பச்சப் புள்ளையப் போட்டு அறுக்கணுமா?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் இன்றைக்கு அதற்கும் ஒரு வழி இருக்கிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை 2021-இல் உடலை அறுக்காமல் சி.டி. ஸ்கேன் வழியாகவே ஆராயும் பிரேதப் பரிசோதனையைத் தொடங்கியது. வீங்கிய மூளை அறைகளும், பெரும்பாலான கொலாய்டு சிஸ்ட்டுகளும் சி.டி.யில் பளிச்சென்று தெரியக்கூடியவை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் சி.டி. மெஷின்கள் இருக்கின்றன. காரணம் தெரியாமல் இறந்த குழந்தையை அதில் ஒரு முறை படுக்க வைக்க ஓர் அரசாணை போதும்.

‘போன பிறகு தெரிந்து என்ன பயன்?’ என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில்கள். ஒன்று, அதே வீட்டில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். திடீர்ச் சாவுக்கான இதயக் கோளாறுகள் பலவும் குடும்பத்தில் வருபவை. அண்ணனின் காரணம் தெரிந்தால் தங்கையைக் காப்பாற்றலாம். அண்ணனுக்கு இருந்தது கொலாய்டு சிஸ்ட் என்று தெரிந்தால், அவள் இதயத்தைப் பற்றி ஆயுள் முழுக்க நடுங்க வேண்டியதில்லை. இரண்டாவது, அந்த அம்மா. காரணம் தெரியாத சாவில் காலியிடத்தை யாராவது நிரப்பியே தீருவார்கள், நம் ஊரில் அது எப்போதும் அம்மாவை வைத்துத்தான் நிரம்பும். அன்று என்ன சமைத்துக் கொடுத்தாள், எந்த ஊசியைப் போட வைத்தாள், ஏன் வேலைக்குப் போனாள். ‘மூன்றாவது வென்ட்ரிக்கிளில் கொலாய்டு சிஸ்ட்’ என்று ஒரு காகிதத்தில் இருந்தால், மாமியார் வீட்டில் ஒருவரும் வாய் திறக்க முடியாது. தடுப்பூசி வதந்திக்கும் அந்தக் காகிதம்தான் மருந்து. காரணம் எழுதப்படாத ஒவ்வொரு குழந்தையின் சாவும் அடுத்த வாட்ஸப் பொய்க்கான மூலப்பொருள்.

7

நான் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. 2013-இலிருந்து நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒரு முறையாவது அரசுப் பள்ளிக்கு வருகிறது. எடை, பல், பார்வை எல்லாம் பார்க்கிறது. அந்தப் படிவத்தில் தலைவலிக்கு மூன்று கேள்விகள் சேருங்கள்: தூக்கத்தில் எழுப்புகிறதா, வாந்தியோடு வருகிறதா, ஏறிக்கொண்டே போகிறதா? ஒவ்வொரு பள்ளியிலும் தலைவலிக்கு ஒரு நோட்டு வையுங்கள்; தேதி, நேரம், எப்படி விட்டது என்று ஒரு வரி எழுதினால் போதும். ஒரு மாதத்துக் குறிப்பை ஒன்றாகப் பார்த்தால், தனித்தனியாகச் சாக்காகத் தெரிந்தது ஒழுங்காகத் தெரியும். காரணம் தெரியாத குழந்தைச் சாவு ஒவ்வொன்றிலும் மூளையும் இதயமும் பார்க்கப்பட வேண்டும், முடிவு பெற்றோருக்கு அவர்களுக்குப் புரியும் தமிழில் எழுதித் தரப்பட வேண்டும்.

பிள்ளையைப் பறிகொடுத்த யாராவது இதைப் படிக்கலாம். இந்தக் கோபம் உங்கள் மேல் அல்ல. உங்கள் பிள்ளை தலைவலி என்றபோது நீங்கள் செய்ததைத்தான் இந்த ஊரில் எல்லோரும் செய்திருப்பார்கள்; வேறு எதையும் உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வேண்டியவர்கள் ‘அரிது’ என்று எழுதிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

நீங்கள் ஆசிரியராகவோ அக்காவாகவோ சித்தப்பாவாகவோ இருந்தால், அடுத்த முறை ஒரு பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும்போது ஹோம்வொர்க் பற்றிக் கேட்காதீர்கள். எப்போதிலிருந்து என்று கேளுங்கள். படுத்தால் கூடுதா, ராத்திரி எழுப்புதா, வாந்தி வந்துச்சா என்று கேளுங்கள். பத்தில் ஒன்பது தடவை, நூற்றில் தொண்ணூற்றொன்பது தடவை அது ஒன்றுமில்லாததாக இருக்கும். பரவாயில்லை. தன் வலியை ஒரு பெரியவர் நம்பினார் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும், அடுத்த முறை வலித்தாலும் வந்து சொல்லும்.